படுத்தால்தான் வண்டி

என் கணவரின் அக்காவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால், இந்த வண்டி ஏன் இந்தப் பக்கம் சுற்றிப் போகிறது என்று கண்டக்டரைக் கேட்பார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும்போது, நுரை அடங்குவதற்குள் ஏன் அளவை எடுக்கிறீர்கள் என்று கேட்பார். அதில் கிண்டலோ சண்டையோ இருக்காது. தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முறைக்கு நாத்தனார் என்றாலும் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் லைன் வீட்டில் இருந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வக்கீலம்மா என்பார்கள்.

கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

அண்ணியைக் கட்டிக் கொடுத்தது அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில். அங்கே தண்ணீர் பள்ளத்தில் இருக்கும், வீடுகள் மேட்டில் இருக்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும் பெண்களில் இவர் மட்டும் பாதி வழியில் குடத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நடிக்கிறாள் என்றாள் மாமியார். வேலைக்கு ஆகாதவள் என்றான் புருஷன். குழந்தையும் தங்கவில்லை. ஒரு நாள் துணி மூட்டையோடு கொண்டுவந்து தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூச்சு வாங்குகிறதே, ஏன் என்று ஒரு வைத்தியரிடம்கூடக் காட்டவில்லை. என் கோபம் அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அவன் படிக்காத காட்டு மனிதன், அவனை விட்டுவிடலாம். படித்தவர்கள் செய்ததைச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எண்பதுகளின் பின்பாதி. தொழிற்பேட்டையில் புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. என் கணவர் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். மின்சார சுவிட்ச் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. அண்ணி வந்த பிறகு அவரையும் அங்கேயே சேர்த்துவிட்டேன். உட்கார்ந்து செய்யும் வேலை. சின்னச் சின்ன ஸ்பிரிங்கையும் பித்தளைத் துண்டையும் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். அண்ணியின் விரல்கள் என் விரல்களைவிட வேகம். மேஸ்திரி சொல்லிக் கொடுக்க வந்தால், இந்த ஸ்பிரிங் எதுக்கு, இது இல்லாட்டி என்ன ஆவும் என்று கேட்டு அவரையே திணற வைப்பார்.

உட்காரும் வேலையில் சிரமம் இல்லை. கேன்டீன் மாடியில் இருந்தது, அங்கேதான் சிரமம். படிக்கட்டு திரும்பும் இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். உதடு நீலம் பாய்ந்திருக்கும். பின்னால் வரும் பெண்கள் ஒதுங்கி ஏறிப் போவார்கள். "என்னம்மா, காத்து வாங்கறியா?" என்று சூப்பர்வைசர் கேட்பார், ஏதோ பெரிய நகைச்சுவை போல.

ஒரு நாள் கம்பெனிக்கு அந்த வண்டி வந்தது. வெள்ளை வேன். உள்ளே நெஞ்சுப் படம் எடுக்கும் எக்ஸ்ரே இருந்தது, இதயத் துடிப்பைக் கோடு கோடாகக் காகிதத்தில் இழுக்கும் இயந்திரம் இருந்தது. தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளிகளைப் பரிசோதிக்கும் வண்டி. நாங்கள் வரிசையில் நின்றோம். மற்றவர்கள் ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். அண்ணி இறங்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். அண்ணியை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு மூச்சு முட்டியது. டாக்டர் அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

"வந்துதுங்க. பத்து வயசு இருக்கும். நடக்கவே முடியாம கெடந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னாங்க?"

அந்தப் பெண் சொன்னார். பொறுமையாகச் சொன்னார். அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவைக் கெடுத்துவிட்டது. அகலத் திறக்க வேண்டிய கதவு கீற்றளவுதான் திறக்கிறது. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை அழுத்துகிறது. அதனால்தான் ஏறினாலும் படுத்தாலும் மூச்சு வாங்குகிறது.

"கதவத் தொறக்க முடியாதாங்க?"

"முடியும். ஆபரேஷன்ல விரலை விட்டே தொறந்துடுவாங்க."

"வெரல விட்டா!" அண்ணி சிரித்துவிட்டார். "எந்த வெரலுங்க?"

டாக்டரும் சிரித்தார். ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். இதயத்தை ஒலியால் பார்க்கும் இயந்திரம் இந்த வண்டியில் இல்லை, பெங்களூரில் இருக்கிறது, அங்கே பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். தேங்கிய ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணிக்கு முழுப் பதில் கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். அந்தப் பெண்ணை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்கென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று வேலையில் சேரும்போதே சொல்லியிருந்தார்கள். அதனால் பயம் இல்லாமல்தான் காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டு, கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அந்த ஓட்டை நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. உள்ளே இருப்பவர் காதில் விழ வேண்டும் என்றால் குனிந்துதான் பேச வேண்டும். மூச்சு வாங்கும் ஒரு மனுஷி குனிந்து பேசிய பேச்சு இது.

"பெங்களூருக்கு எழுதித் தருவீங்களா சார்?"

"பெங்களூர் கர்நாடகா."

"தெரியுங்க சார். பக்கத்துலதான இருக்குது?"

"பக்கத்துல இருந்தா? நம்ம எல்லை செக்போஸ்ட்டோட முடிஞ்சுபோச்சு. சென்னைக்கு எழுதித் தர்றேன், போய்க்க."

"சென்னைக்கு அவ்ளோ தூரம் பஸ்ல எப்டிங்க சார் போறது? பத்தடி நடந்தா எனக்கு மூச்சு நிக்குது. வண்டி குடுப்பீங்களா?"

"வண்டி படுத்த கேஸுக்குத்தான். ஸ்ட்ரெச்சர் கேஸ்."

"படுத்தா எனக்கு மூச்சு முட்டுது சார். சொவுத்துல சாஞ்சிதான் தூங்கறேன்."

"அப்ப உக்காந்துக்கிட்டே பஸ்ல போலாமே."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணி நகரவில்லை.

"படுக்க முடியாத அளவுக்கு நோவு இருந்தா வண்டி கெடயாது, படுக்க முடிஞ்சா வண்டி உண்டு. இத யாருங்க சார் யோசிச்சி வெச்சது?"

வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "நேரம் ஆவுது, தள்ளும்மா" என்றாள் ஒருத்தி. அவளும் எங்களைப் போலக் கம்பெனிக்காரிதான். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

மருந்தகத்து டாக்டரைப் பார்த்தோம். வேனில் நடந்தது கம்பெனி ஏற்பாடு செய்த பரிசோதனை என்றும், அது காப்பீட்டுக்குச் செல்லாது என்றும் சொன்னார். அவரே பார்த்து, அவர்கள் கணக்கில் இதயக் கோடு எடுத்த பிறகுதான் சென்னைக்கே எழுத முடியுமாம். இதயக் கோடு எடுக்கும் இயந்திரம் இங்கே இல்லையாம்.

"பின்ன எங்க எடுக்கறதுங்க?"

"வேன் வரும்போது எடுப்போம்."

"எந்த வேனுங்க?"

"அதான்மா, வெள்ளை வேன். கம்பெனிக்கு வந்துச்சே."

"அதே வண்டியா? அதே மிஷினா?"

"அதே வண்டிதான். ஆனா எங்க சார்பா வரணும்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கோபம் எல்லாம் என்னிடம் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது வாய் வராது. டாக்டர் என்றால் எழுந்து நிற்கும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான்.

ஏன் நீங்களே பெங்களூருக்குப் போகவில்லை என்று இதைக் கேட்பவர்கள் கேட்கிறார்கள். போனோம். என் கணவர் இருந்த ஒரு நாளில் மூவரும் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். நல்லவிதமாகத்தான் பார்த்தார்கள். ஆபரேஷன் கட்டாயம் என்றார்கள். காப்பீட்டுக் கடிதம் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கையிலிருந்து கட்டுங்கள் என்றார்கள். கையில் இருந்தால் நாங்கள் ஏன் அந்தக் கம்பி வலைக்கு முன்னால் குனிகிறோம்?

ஆகவே வண்டிக்குக் காத்திருந்தோம். வரும் என்று சொன்ன வாரத்தில் வரவில்லை. அடுத்த மாதம் வந்தது, ஆனால் ஜெனரேட்டர் பழுது என்று மருந்தகத்து வாசலில் நின்றுவிட்டுப் போனது. நாங்கள் அரைநாள் சம்பளம் இழந்து நின்றோம். அதன் பக்கவாட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆளிடம், மறுபடி எப்போது வரும் என்று அண்ணி கேட்டார். "வரும்போது வரும்மா" என்றான். அதற்குப் பிறகு ஒரு தடவை வந்தபோது, அன்றைக்கு எக்ஸ்ரே மட்டும்தான், கோடு எடுப்பவர் லீவு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணி கேள்வி கேட்டார். கேள்வி குறைந்துகொண்டே வந்தது. நம்பிக்கை போய்விட்டது என்பதல்ல, மூச்சு போதவில்லை.

மார்கழிக் குளிர் ஓசூரில் கொடுமையாக இருக்கும். அண்ணி சுருட்டிய படுக்கையை முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்து தூங்கினார். இருமலில் இளஞ்சிவப்பாகச் சளி வந்தது. மருந்தகத்தில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தோம். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் பிதுக்கம்பருப்புக் குழம்புதான். தம்பி லாரி எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து நான் நிமிரவில்லை. கொட்டைகள் சிதறிய சத்தம் கேட்டது. பார்த்தால் வலது கை தொங்கிப்போய்க் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து "ப... ப..." என்றார். கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேனில் இருந்த பெண் சொல்லியிருந்தாரே.

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு பாய் ஓடி வந்தார். பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல், தானே ஒரு கடைப் பையனைப் போல எனக்காக ஓடினார். கம்பெனி கேட்டுக்குப் போய் போன் பண்ணி, தொழிற்பேட்டைக் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருந்த ஆம்புலன்ஸை அழைத்து வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வாசலிலேயே வந்து பார்த்துவிட்டு, "இங்க நிக்காதீங்க, நேரா பெங்களூர் போங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் படுக்க வைத்ததும் அண்ணிக்கு மூச்சு திணறியது. நான் ஏறி, அவரைத் தூக்கி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். "படுக்க வையும்மா, ரூல்ஸ்" என்றார் டிரைவர். நான் வைக்கவில்லை. பாயும் ஏறிக்கொண்டார். வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போனது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கின. போய்விடுவோம் என்று நினைத்தேன்.

எல்லை செக்போஸ்ட்டுக்கு முன்னால் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"எறங்குங்க."

"ஏன்ப்பா?" என்றார் பாய்.

"இதுக்கு மேல இந்த வண்டிக்குப் பர்மிட் இல்ல பாய். எல்லையத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டர்."

"மனுஷி சாவக் கெடக்குது. கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. தாண்டிப் போயி அந்தப் பக்கம் புடிச்சா என் வேலை போயிரும். நீங்க சோறு போடுவீங்களா?"

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நாங்கள் கேட்கவில்லையாம்! அதுவரை ஒருவரையும் எதிர்த்துப் பேசாத நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். அண்ணியைப் புளியமரத்தடியில் இறக்கினோம். இறக்கியதும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இழுத்தார்.

"இது வண்டியோடது."

அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான், பயந்தவர்தான் என்று பின்னாளில் பாய் எனக்குச் சொன்னார். இருக்கலாம். புழுதியில், லாரி டயர்களுக்குப் பக்கத்தில், வாய் கோணிய ஒரு மனுஷியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது.

பாய் குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வையை விரித்தார். ஒரு லாரி கிளீனர் வந்து கை கொடுத்தான். போர்வையின் முனைகளைப் பிடித்து அண்ணியைத் தூக்கிக்கொண்டு தடுப்புக் கம்பத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தோம். பார்டரில் இருப்பவர்களுக்கு மூன்று பாஷையும் அரைகுறையாக வரும். அங்கே நின்ற போலீஸ்காரரிடம், "நம்ம அக்கா சார், மாத்தாடக்கே ஆகல்லா" என்று கன்னடத்தில் அழுதேன். எங்கள் அக்கா, பேச முடியவில்லை என்று. அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போன வேனைக் கை காட்டி நிறுத்தினார். வேன்காரர் நாலைந்து கூடைகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு இடம் பண்ணினார். அந்தக் கூடைகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. தக்காளிக்கு நடுவில் அண்ணியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவசர கேஸ் என்று உடனே சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் விழுந்தது விழுந்ததுதான். பேச்சும் போய்விட்டது. இதயத்தில் தேங்கி உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் கதவை முன்பே திறந்திருந்தால் இது வந்திருக்க வாய்ப்பில்லை என்றும் சொன்னார். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று என்னைக் கேட்டார். வேன் வருவதற்குக் காத்திருந்தோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், ஊசி போட வந்த நர்ஸ் கை தவறி நரம்பை விட்டுக் குத்திவிட்டாள். "நாசமாப் போவ!" என்றார் அண்ணி. தெளிவாக, முழுசாக. நான் துள்ளி எழுந்தேன். பேச்சு வந்துவிட்டது என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் வந்து தண்ணீர் வேண்டுமா, பெயர் என்ன, இது யார் என்று கேட்டார். அண்ணி வாயைத் திறந்து திறந்து மூடினார். "ப... ப..." அவ்வளவுதான். டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்: யோசித்துப் பேசும் பேச்சு மூளையில் ஒரு இடத்தில் இருக்கிறது, அது போய்விட்டது. கோபத்தில் தானாக வருகிற வசவு வேறு இடத்திலிருந்து வருகிறது, அது மிஞ்சியிருக்கிறது. சிலருக்கு இப்படி ஆகும்.

வாழ்நாளில் யாரையும் வையாத மனுஷி. அவருக்கு அவர்கள் மிச்சம் வைத்தது அது மட்டும்தான்.

இதயக் கதவு இன்னும் அப்படியே இருந்தது. திறக்காவிட்டால் மறுபடி கட்டி போகும் என்றார்கள். காப்பீட்டுக் கடிதம் இல்லாமல் ஆபரேஷன் இல்லை. ஆகவே அண்ணியை ஓசூருக்குக் கொண்டுவந்தோம். பாயும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றி மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். ஜன்னலில் அதே ஆள்.

"யாரக் கேட்டு வெளி மாநிலத்துக்குப் போனீங்க? பர்மிஷன் வாங்குனீங்களா?"

என் கணவர் என்னமோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். நான் அவரை நகர்த்திவிட்டு முன்னால் வந்தேன். குனியவில்லை. வலைக்கு நேராக நிமிர்ந்து நின்று, உள்ளே இருந்த டாக்டர் அறை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினேன்.

"மயங்கிக் கெடக்கற மனுஷி எந்த வாயால பர்மிஷன் கேக்கும் சார்? ஞாயித்துக்கெழம நீங்க எங்க இருந்தீங்க? சென்னைக்கு வண்டி கேட்டாங்க, நீங்க குடுக்கல. வேனு வரும்னீங்க, வரல. எத்தினி வாட்டி இந்த எடத்துல வந்து நின்னாங்க, உங்களுக்கு மொகமாச்சும் ஞாபகம் இருக்குதா?"

"சத்தம் போடாதம்மா."

"போடுவேன். இப்ப அவங்களுக்குப் பேச வராது. இப்ப படுத்துட்டாங்க சார், நல்லாப் பாத்துக்குங்க. இப்பவாச்சும் வண்டி குடுப்பீங்களா?"

அவர் எட்டி, ஆட்டோவில் சரிந்து கிடந்த அண்ணியைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"குடுக்கலாம்மா. இப்ப ஸ்ட்ரெச்சர் கேஸ்தான். தாராளமா குடுக்கலாம்."

அதை அவர் நல்ல செய்தி போலச் சொன்னார். சிக்கல் தீர்ந்ததில் அவருக்கே நிம்மதி. நான் கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த வலை இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வேனில் வந்த டாக்டர் சொன்னது செல்லாது என்றார்களே, இதயக் கோடு இல்லாமல் எழுத முடியாது என்றார்களே, அந்தப் பேச்சே இப்போது எழவில்லை. டாக்டர் தானாக வெளியே வந்து கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்திலேயே வண்டி வந்தது. சுத்தமான வண்டி, மரியாதையான டிரைவர். சென்னை வரைக்கும் அண்ணியை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டுதான் போனேன். படுக்க வைக்கச் சொல்லி அந்த டிரைவர் வற்புறுத்தவில்லை.

சென்னையில் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாக ஆனது. சில நாள் கழித்து, தலைமாட்டில் இருந்த தலையணைகளை நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்தாள். அண்ணி மல்லாந்து, மட்டமாகப் படுத்தார். மூச்சு சீராக வந்தது. அப்படியே தூங்கிப்போனார். வார்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, எல்லாம் சரியாயிடுச்சே, ஏன் அழுகிறாய் என்றார்கள். ஒரு விரலை விட்டுத் திறந்தால் தீர்கிற காரியம் இது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டி இல்லை. கொண்டுபோய் விடுவதற்குத்தான் அனுமதி, அழைத்து வருவதற்கு இல்லையாம். பஸ்ஸில் வந்தோம். கிருஷ்ணகிரியில் வேறு பஸ் மாற வேண்டியிருந்தது. ஒரு பக்கம் விழுந்த ஆளை இறக்கி ஏற்றுவதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினான். "நாசமாப் போவ!" என்றார் அண்ணி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் கோணல் வாயில் சிரிப்பு வந்தது.

கம்பெனி அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. ஊனத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்கப் போனேன். வேலையில் பட்ட அடியாக இருந்தால் உண்டு, இது சின்ன வயசு நோய், அதனால் இல்லை என்றார்கள். நோய் சின்ன வயசுடையது, சரி. பக்கவாதம் யாருடையது? அதைக் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே போனது கீழே வரவில்லை. பல தடவை போனேன். ஜன்னலில் ஆள் மாறினார், டாக்டர் மாறினார். புதிதாக வந்தவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் முதலிலிருந்து சொன்னேன்.

அண்ணி அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் எங்களோடு இருந்தார். இடது கையால் சாப்பிடவும் தலை வாரவும் பழகிக்கொண்டார். காலை இழுத்து இழுத்து சந்தைக்குப் போவார். காய்க்காரியிடம் வேண்டியதைக் கையால் காட்டுவார். எடை குறைந்தால் அந்த ஒரே வார்த்தையைச் சொல்வார். சந்தையில் அவரை ஏமாற்ற ஆள் இல்லை. பேச்சில் சில சொற்கள் மெல்லத் திரும்பின. தண்ணி. சோறு. தம்பி. என் பெயர் வரவே இல்லை. என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் தரையைத் தட்டுவார்.

நான் எழுதிப் போட்டதற்குப் பதில் கேட்டு மறுபடி ஒரு நாள் கிளம்பியபோது என் கணவர் களியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"உயிரு இருக்குதில்ல? அத நெனச்சி சந்தோசப்படு. விட்டுத் தொலையேன்."

"உயிர யாரு காப்பாத்துனாங்க? பாய் காப்பாத்துனாரு. பேரு தெரியாத ஒரு போலீஸ்காரரு. ஒரு தக்காளி வண்டிக்காரரு. இவங்க என்னா பண்ணாங்க? இவங்ககிட்ட எதுக்கு நான் சந்தோசப்படணும்?"

"கோவப்பட்டு என்ன ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாது. தெரியும்."

அவர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அண்ணி சுவரோரம் உட்கார்ந்து இடது கையால் களியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் புடவையை மாற்றிக்கொண்டு மருந்தகத்துக்குப் புறப்பட்டேன்.